திங்கட்கிழமை என்பதால் ஷின்ஜுகு கியோயென்னைக் கைவிட வேண்டாம்

வணக்கம். நவம்பர் 10, திங்கட்கிழமை, முழங்கால் வலியுள்ள அம்மாவுடனும் ஐந்து வயது மகனுடனும் டோக்கியோவின் ஷின்ஜுகு கியோயென் பூங்காவுக்குப் போகிறோம், அன்று பூங்கா விடுமுறையாமே என்று கேட்டிருந்தீர்கள். வழக்கமாக விடுமுறைதான். ஆனால் நவம்பர் 1 முதல் 15 வரை சாமந்திக் கண்காட்சி நடப்பதால் அந்த நாட்களில் திங்களன்றும் திறந்திருக்கும்.

ஷின்ஜுகு ரயில் நிலையத்தில் மட்டும் இறங்காதீர்கள். அந்த நிலையத்துக்குள் நடந்தே அம்மா களைத்துவிடுவார். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) சோபு பாதையில் செந்தகாயா நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடையில் நுழைவாயில். பெரியவர்களுக்கு 500 யென், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 250. வயதுக்குச் சான்றாக அம்மாவின் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லுங்கள். சிறுவனுக்கு இலவசம்.

மொத்தம் 58 ஹெக்டேர். முழுவதையும் சுற்றிவர ஆசைப்படாதீர்கள். ஜப்பானியத் தோட்டத்துச் சாமந்திப் பந்தல்களே போதும். ஒரே செடியை வளைத்து வளைத்து நூற்றுக்கணக்கான பூக்களைக் குடைபோல் விரிய வைத்திருப்பார்கள். நம்மூரில் முழம் போட்டு வாங்கும் அதே சாமந்திதானா என்று அம்மா கட்டாயம் கேட்பார்.

பந்து கொண்டுபோக வேண்டாம், அங்கே விளையாட அனுமதியில்லை. புல்வெளியில் கட்டுச்சோறு சாப்பிடலாம். மாலை 4 மணிக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.