டாரன்டுலா குட்டிக்கு ஹீட்டர் வேண்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): அண்ணா, டாரன்டுலா என்கிற முடி அடர்ந்த பெரிய சிலந்தியின் குட்டி ஒன்று வளர்க்க ரொம்ப நாளாக ஆசை. இன்ஸ்டாகிராமில் ஒருவர் குட்டி 1,800 ரூபாய், கூடவே 'பிகினர் கிட்' 4,500 ரூபாய் என்கிறார். கண்ணாடித் தொட்டி, ஹீட் மேட், பல்பு, ஈரப்புகை விடும் ஃபாகர், ஈரப்பதம் காட்டும் மீட்டர் எல்லாம் கிட்டில் உண்டாம். கிட் எடுக்காவிட்டால் குட்டி உயிரோடு இருக்கும் என்பதற்கு கேரண்டி கிடையாதாம். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம் தம்பி. அந்தக் கிட்டில் இருக்கும் பொருள்களில் பாதி நம் ஊரில் குட்டிக்குத் தேவையே இல்லை, மீதிப் பாதி அதைக் கொல்லும்.

ஹீட் மேட்டும் பல்பும் குளிர்காலத்தில் வீடு உறைந்து போகும் நாடுகளில் இருப்பவர்களுக்கானவை. இந்தக் குட்டிகளுக்கு 24 முதல் 28 டிகிரி இருந்தால் போதும், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வருஷத்தின் பெரும்பகுதி வீட்டுக்குள் அந்தச் சூடு தானாகவே இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் குட்டியை ஹீட் மேட்டில் வைத்தால் மண் காய்ந்து அதுவும் வற்றிப் போகும், ஏனென்றால் குட்டியின் மேல்தோல் பெரிய சிலந்தியின் தோலைப் போல ஈரத்தைப் பிடித்து வைக்காது. நாம் பயப்பட வேண்டியது குளிருக்கு அல்ல, மார்ச், ஏப்ரலில் ஓட்டு வீட்டு மச்சிலும் தார்சு வீட்டு மாடி அறையிலும் அடிக்கிற சூட்டுக்குத்தான். கீழ்த்தளத்தில், வெயில் நேராக விழாத ஒரு அலமாரித் தட்டு போதும்.

பெரிய கண்ணாடித் தொட்டியும் வேண்டாம். அதில் விட்டால் குட்டி எங்கே இருக்கிறது, தின்றதா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, போட்ட இரையை அதுவும் தேடிப் பிடிக்காது. ஹோட்டலில் பாயசம் பார்சல் கட்டித் தருகிற மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, 100 மில்லி அளவு, புதிதாக வாங்கிக் கழுவிக் காயவைத்தது, அதுதான் சரியான வீடு. ஊசியைச் சூடாக்கி, பக்கத்திலும் மூடியிலும் உள்ளிருந்து வெளியே குத்தித் துளை போடுங்கள், அப்போதுதான் கூரான விளிம்பு வெளிப்பக்கம் நிற்கும். சிலந்தியின் முன்னுடல் நுழையாத அளவுக்குத் துளை சின்னதாக இருக்க வேண்டும், முன்னுடல் நுழைந்தால் வயிறும் நசுங்கி வெளியே வந்துவிடும். டப்பாவில் மூன்றில் இரண்டு பங்கு மண் நிரப்புங்கள், குட்டி குழி தோண்டிப் பதுங்கும். தரையில் வாழும் இனத்துக்கு மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே அதிக உயரம் விடக் கூடாது, ஏறி விழுந்தால் வயிறு கிழிந்துவிடும், பிறகு காப்பாற்றுவது கஷ்டம்.

மண் என்று சொன்னது தென்னை நார்த்தூளை. அதையும் 'டாரன்டுலா சப்ஸ்ட்ரேட்' என்று பாக்கெட் போட்டுப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள், தென்னையும் கயிறும் இருக்கிற நம் ஊரில் அதை வாங்க எந்த அவசியமும் இல்லை. ஆனால் கயிறு ஆலை வாசலில் கிடக்கிற தூளை அப்படியே அள்ளி வர வேண்டாம், மட்டை ஊறிய தண்ணீரின் உப்பு அதில் இருக்கலாம். நர்சரியில் கழுவிக் கட்டியாக்கிய தூள் கிடைக்கும், உரம் கலக்காததா என்று கேட்டு வாங்கி, ஊறவைத்துப் பிழிந்து போடுங்கள். ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் கொஞ்சம் காய்ந்தும் இருந்தால் குட்டி தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ளும். மீட்டர் பார்க்கத் தேவையில்லை, ஃபாகர் வேண்டவே வேண்டாம். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, அந்த மாதங்களில் காற்றோட்டம் இல்லாத டப்பாவில் பூஞ்சையும் சிற்றுண்ணியும் தானாகவே வரும்.

கிட்டில் யாரும் எழுதாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று கொசு மருந்து. காயில், லிக்விட், எறும்புக்குக் கோடு போடுகிற சாக்பீஸ், கரப்பான் ஸ்ப்ரே எல்லாமே பூச்சியைக் கொல்லச் செய்தவை, சிலந்திக்கும் அதுவேதான் நடக்கும். அந்த அறையில் இவை எதுவும் கூடாது, டெங்கு காலத்தில் தெருவில் புகை அடிக்க வரும்போது ஜன்னலைச் சாத்திவிடுங்கள். இன்னொன்று எறும்பு. தோலுரித்துக் கிடக்கும் குட்டியை எறும்பு ஒரே ராத்திரியில் முடித்துவிடும், அதனால் சர்க்கரை டப்பாவுக்குச் செய்வது போலத் தண்ணீர்த் தட்டின் நடுவே உயரமாக ஒன்றை வைத்து அதன்மேல் டப்பாவை வையுங்கள்.

இப்போது 1,800 ரூபாய்க்கு வருவோம், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பணம் அனுப்பும் முன் அறிவியல் பெயரை எழுத்தில் கேளுங்கள். 'ப்ளூ', 'ரெட்', 'ஜெயின்ட்' என்ற கடைப்பெயர்கள் போதாது, ஒரே கடைப்பெயரில் மூன்று இனம் விற்கலாம். அப்புறம் அது கூண்டில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா, பில் உண்டா, இவற்றையும் கேளுங்கள். முதல்முறை வளர்ப்பவருக்கு அமெரிக்கக் கண்டங்களின் நிதானமான தரைவாழ் இனங்கள் ஏற்றவை: பராகுவே, அர்ஜென்டினா பக்கத்து சாக்கோ கோல்டன் நீ ('நீ' என்றால் ஆங்கிலத்தில் முழங்கால்), மத்திய அமெரிக்காவின் கர்லி ஹேர், மெக்சிகோவின் ரெட் நீ. இவை வயிற்று முடியை உதிர்க்கும், தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். ஆசியா, ஆப்பிரிக்கா இனங்களுக்கு அந்த முடி கிடையாது, பதிலுக்கு வேகமும் வலுவான விஷமும் உண்டு, அவை ஆரம்பத்துக்கு ஆகாது. எந்த இனமானாலும் கையில் எடுத்து விளையாடும் பிராணி அல்ல இது.

மெக்சிகன் ரெட் நீ, காட்டு உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு சைட்டிஸ் பட்டியல் இனங்கள் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வருகின்றன, உயிரோடு வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கைமாறினாலும் குட்டி போட்டாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும், 2024-ல் இதற்குத் தனி விதிகளும் வந்துவிட்டன. நீங்கள் வாங்கப்போகும் இனம் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இருந்தால் விற்பவரின் பதிவுக் காகிதத்தை வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 'அதெல்லாம் தேவையில்லை ப்ரோ' என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இது பெண்ணாக அமைந்தால் 20 வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய உயிர். நீங்கள் வேலைக்கு வெளியூர் போனால் வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று அம்மா அப்பாவிடம் பேசிவிட்டு வாங்குங்கள்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): நாலு மாதமாக வளர்க்கும் குட்டி பன்னிரண்டு நாளாக எதுவும் தின்னவில்லை. வயிறு பளபளப்பாகக் கறுத்திருக்கிறது, குழி வாயை வலையால் மூடிவிட்டது. விற்றவர் வைட்டமின் சொட்டு மருந்து வாங்கி இரையில் கலக்கச் சொல்கிறார்.

பதில்: மருந்து வாங்காதீர்கள். நீங்கள் சொல்கிற மூன்றும் சேர்ந்தால் அது தோலுரிக்கப் போகிறது என்று அர்த்தம், நோய் அல்ல. குழியைக் கிளறாதீர்கள், உள்ளே போட்ட இரை உயிரோடு இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அசையாமல் கிடக்கும் சிலந்தியைச் சுவர்க்கோழியே கடித்துக் குதறும். உங்கள் ஊர்க் காற்றுக்கு டப்பா மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் காயும், ஆகவே ஓரமாகச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு பக்கத்து ஈரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிலந்தி மேல் தெளிக்க வேண்டாம். தோலுரித்து வந்ததும் பல் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும், அது சிவந்து கறுத்து இறுகும் வரை, சுமாராக ஒரு வாரம், இரை போடாதீர்கள்.

அதன் பிறகு வாரம் ஒன்றிரண்டு முறை, வயிற்றின் அளவைவிடச் சின்ன இரை. பறவைத் தீவனக் கடையில் மீல்வார்ம் என்ற புழு கிடைத்தால் ஒரு துண்டு வெட்டிப் போட்டாலே தின்னும், மிச்சத்தை மறுநாள் எடுத்துவிட வேண்டும். வீட்டில் பிடித்த கரப்பானைக் கொடுக்காதீர்கள், அது எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ தெரியாது.

கேள்வி (தக்கலையிலிருந்து ஒரு தாய்): மகன் சேர்த்து வைத்த பணத்தில் பெங்களூரிலிருந்து வரவழைத்தான். பெட்டியைத் திறந்தால் சிலந்தி மல்லாந்து கிடக்கிறது, அசைவில்லை. பிரிக்கும்போது வீடியோ எடுக்காததால் பணம் தர முடியாது என்கிறார் விற்றவர். பிள்ளை அழுகிறான்.

பதில்: சகோதரி, முதலில் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திருப்பியும் போடாதீர்கள். டாரன்டுலா மல்லாந்து படுத்துத்தான் தோலுரிக்கும், பாதி நேரம் செத்தது போலவே இருக்கும். சாகிற சிலந்தி பெரும்பாலும் நிமிர்ந்த நிலையிலேயே கால்களை எல்லாம் அடியில் மடக்கிச் சுருண்டு கிடக்கும். ஆகவே ஒரு நாள் அசைக்காமல் ஈரமான டப்பாவில் விட்டுப் பாருங்கள். உயிரோடு எழுந்தால் பிள்ளையின் கவலை அதோடு தீர்ந்தது.

உண்மையிலேயே இறந்திருந்தால், இப்போதாவது படம் எடுங்கள், பெட்டி, கூரியர் ஒட்டிய தாள், உள்ளே வைத்த டிஷ்யூ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வீடியோ நிபந்தனையைப் பணம் வாங்கும் முன்பே சொன்னாரா என்று பழைய சாட்டில் தேடுங்கள். முன்பே சொல்லாததைப் பொருள் வந்த பிறகு சொன்னால் அது நிபந்தனை ஆகாது என்று நீங்கள் தாராளமாக வாதாடலாம். எழுத்தில் ஒரு புகார் அனுப்பிவிட்டு, பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பெங்களூர் போக வேண்டாம், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் விற்றவரின் முழுப் பெயரும் முகவரியும் கையில் இல்லையென்றால் நோட்டீஸ் எங்கே போகும்? அடுத்த முறை அதை வாங்கிய பிறகே பணம் அனுப்பச் சொல்லுங்கள்.

பெட்டி மேல் 'பொம்மை' என்று எழுதி அனுப்பியிருந்தால் கூரியர்காரரிடம் எதுவும் கேட்க முடியாது. கோடையில் வரவழைக்காதீர்கள், வார இறுதியில் குடோனில் கிடக்கும்படியும் வரவழைக்காதீர்கள். முடிந்தால் திருவனந்தபுரம் வரை ரயிலில் போய்க் கையோடு வாங்கி வருவதே நல்லது.

கேள்வி (குலசேகரம்): தோட்டத்துப் பழைய அயினி மரப் பொந்தில் கை அகலத்துக்கு ஒரு முடிச்சிலந்தி, கூடவே குட்டிகள். ஒருவர் குட்டி ஒன்றுக்குப் பணம் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மரப்பொந்தில் இருப்பதால் அது பொய்சிலோதீரியா வகையாக இருக்கலாம். உலகத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள பேரினம் அது, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் அதன் சில இனங்கள் உண்டு. 2019-ல் மொத்தப் பேரினமும் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது, ராமேஸ்வரத்தில் முதலில் கண்டறிந்த இனம் ஒன்று அழியும் விளிம்பில் இருக்கிறது. காடு குறைவதோடு இப்படிக் குட்டிகளைப் பிடித்து விற்பதும் இவற்றுக்கு ஆபத்துதான். கன்னியாகுமரி வனவுயிர் சரணாலயத்துக்கு உள்ளே என்றால் எந்த உயிரை எடுத்தாலும் நேரடியாகக் குற்றம்.

கையை விட்டுப் பிடிக்கவும் முயல வேண்டாம், இந்த வகை கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வதைக்கும். மரத்தை வெட்டாமல் விட்டால் அது தன் பாட்டுக்கு அங்கேயே பூச்சி தின்று கிடக்கும், வீட்டுக்குள் வந்து யாரையும் தேடிக் கடிக்காது. பணம் தருகிறேன் என்றவர் மறுபடி வந்தால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.