கடலோர மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம், வீடு கட்ட முடியுமா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நான் ஈரோட்டில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். இனி கடலோரத்தில் போய் இருக்கலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்து, செங்கல்பட்டு மாவட்டத்தில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, ஈ.சி.ஆர். சாலைக்குக் கிழக்கே ஒரு மனை பார்த்தோம். 2,400 சதுர அடி, 48 லட்சம் ரூபாய். மொத்தம் 22 மனைகள் போட்டிருக்கிறார்கள். 9 லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டோம், அதில் 2 லட்சம் ரொக்கம். ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம், பதிவு செய்யவில்லை. விற்பவர், "பட்டா இருக்கிறது, பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது, கடலிலிருந்து 200 மீட்டரும் தாண்டிவிட்டது" என்று சொல்லி, அலை தொட்டுப்போகும் ஈர மணலில் டேப்பின் முனையை வைத்து அளந்தே காட்டினார். 210 மீட்டர் வந்தது. அப்புறம் நாங்கள் மட்டும் ஒருநாள் போனபோது பக்கத்துக் குப்பத்து ஆட்கள், "இது நாங்கள் வலை காயப்போடும் இடம், படகுக்குப் போகும் வழியும் இதுதான், இங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்காது" என்றார்கள். விற்பவரோ அடுத்த மாதம் கிரயம் முடிக்கச் சொல்லி நெருக்குகிறார். வீடு கட்ட முடியுமா? முடியாதென்றால் எங்கள் பணம் திரும்புமா?

பதில்: அம்மா, அடுத்த மாதக் கிரயத்துக்குப் போகாதீர்கள். இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். உங்கள் பணத்தை மீட்க வழி இருக்கிறது என்று நம்பியே இதை எழுதுகிறேன்.

அந்த டேப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வழக்கு முழுவதும் அதன் முனையில்தான் நிற்கிறது. கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதைச் சொல்வது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. சி.ஆர்.இசட். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991-இல் முதலில் வந்தது, 2011-இலும் 2019-இலும் திருத்தி எழுதப்பட்டது. மூன்றிலுமே தூரத்தை அளப்பது உயர் அலைக் கோட்டிலிருந்து. அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில் தண்ணீர் நிலத்தில் எதுவரை ஏறுகிறதோ, அந்தக் கோட்டிலிருந்து. நீங்கள் போன நேரத்தில் அலை எங்கே நின்றது என்பதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. நம் கரையில் ஓத ஏற்றம் ஒரு மீட்டர் அளவுதான் என்றாலும், சாய்வு குறைந்த மணலில் அந்த ஒரு மீட்டர் இருபது, முப்பது மீட்டர் உள்ளே வந்துவிடும். அவர் காட்டிய 210 மீட்டர் 200-க்குள் சுருங்கிவிட அதுவே போதும்.

அந்தக் கோட்டை விற்பவரும் நீங்களும் நானும் போட முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த நிறுவனங்கள்தான் குறிக்க வேண்டும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அப்படிப்பட்ட ஒன்று. உங்கள் சர்வே எண்ணை 1:4000 அளவு வரைபடத்தின்மேல் பொருத்தி, உயர் அலைக் கோடு எங்கே, மனை எந்த மண்டலத்தில் என்று கொடுப்பார்கள். அந்தத் தாள் இல்லாமல் "200 மீட்டர் தாண்டிவிட்டது" என்று யார் சொன்னாலும் அது வெறும் வாய்ப்பேச்சு.

நீங்கள் பார்த்த இடம் கிராமப் பஞ்சாயத்துப் பகுதி. அதனால் பெரும்பாலும் மூன்றாம் வகை மண்டலத்தில், அதாவது ஊரகக் கடலோரத்தில் வரும். 2011 அறிவிக்கைப்படி அங்கே உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதி. அதில் புதிதாக வீடு கட்ட முடியாது. "முதலில் ஒரு காம்பவுண்டு சுவராவது போட்டுக்கொள்ளுங்கள்" என்பார்கள், அதையும் செய்யாதீர்கள். 200 முதல் 500 மீட்டர் வரையுள்ள பகுதியிலும் கதவு முழுசாகத் திறந்து கிடக்கவில்லை. மீனவக் கிராமம் போன்ற பாரம்பரிய உரிமை, வழக்கமான பயன்பாடு இவற்றுக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கே அறிவிக்கை இடம் தருகிறது. உயரம் 9 மீட்டருக்குள், தரைத்தளமும் அதன்மேல் ஒரு தளமும்தான். ஈரோட்டிலிருந்து வரும் உங்களுக்கு அந்த வரி எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது அனுமதி கொடுக்கும் அதிகாரிகளின் முடிவில் இருக்கிறது. 48 லட்சத்தைக் கொடுத்துவிட்டு அந்த முடிவுக்காகக் காத்திருப்பது சரியில்லை.

"இப்போதெல்லாம் 50 மீட்டர் விட்டால் போதும்" என்றும் உங்களிடம் சொல்வார்கள், இதுவரை சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதில் பாதி உண்மை. 2019 அறிவிக்கை ஊரகக் கடலோரத்தை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் நெருக்கமான பகுதிகளில் தடைப்பகுதி 50 மீட்டர். மற்ற இடங்களில் அதே 200 மீட்டர். அந்தச் சலுகையும் 2019 அறிவிக்கைப்படி தயாரித்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்த பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை 2011 விதிதான். ஆகவே உங்கள் சர்வே எண்ணுக்கு இன்று எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது, அதில் என்ன வகை என்று குறித்திருக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இதற்கென ஒரு மாவட்ட அமைப்பு இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

பட்டா இருக்கிறதே என்றால், இருக்கலாம். அது நிலம் யாருடையது என்பதற்கான வருவாய்த்துறைப் பதிவு. நிலம் முழுக்க உங்களுடையதாக இருந்தும் அதில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாமல் போகலாம். சார்பதிவாளர் கிரயப் பத்திரத்தைப் பதிந்து கொடுத்தாலும் கட்டட அனுமதி கிடைத்ததாக ஆகாது.

பட்டாவை நம்பி வந்த ஒருவருக்காகச் சில வருடங்களுக்கு முன் இதே கரையில் ஒரு மனையைப் பார்க்கப் போனேன். கையில் நிலஅளவைப் புலப்பட நகல் இருந்தது. சர்வேயர் அளந்துகொண்டே வந்தார். மூன்று மூலைக்கல் மணலுக்குள் கிடைத்தது. நான்காவது கல் இருக்க வேண்டிய இடத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் ஒரு ஃபைபர் படகு ஆடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் புலப்படத்தையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார். வரைந்த காலத்தில் அது தரை. அவர் வாங்கும்போது விலை போட்டதும் அந்த நான்கு கல்லுக்கும் சேர்த்துத்தான்.

பஞ்சாயத்து அப்ரூவலை நான் இன்னும் கடுமையாகவே பார்க்கிறேன். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம் அல்லது சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். பஞ்சாயத்துத் தலைவர் முத்திரை குத்திக் கொடுக்கும் வரைபடம் மனைப்பிரிவு ஒப்புதலே ஆகாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யவே தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறை விதிகளும் 2016 அக்டோபர் 20-ஆம் தேதி வரை விற்றுப் பதிவான மனைகள் உள்ள பிரிவுகளுக்குத்தான். கேரளத்தில் மரடு அடுக்குமாடிகளுக்கு நடந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கும் உள்ளூர்ப் பஞ்சாயத்து கட்டட அனுமதி கொடுத்திருந்தது. சி.ஆர்.இசட். மீறல் என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் வரை தரச் சொன்னது. நம்பி வாங்கிக் குடும்பத்தோடு குடியிருந்தவர்கள் அவர்கள். இதை எழுதும்போதுகூட எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

குப்பத்து ஆட்கள் சொன்னதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். உங்களிடம் உண்மை பேசியவர்கள் அவர்கள் மட்டும்தான். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி ஒரு வழியை 20 ஆண்டு தடையில்லாமல், உரிமையாகவே பயன்படுத்தி வந்தால் அது சட்டப்படி உரிமையாகிவிடும். ஊர் வழக்கத்தால் வரும் உரிமையையும் அதே சட்டம் ஏற்கிறது. படகு நிறுத்தும் இடம், வலை உலர்த்தும் இடம் இவற்றையெல்லாம் கடலோர மண்டல வரைபடத்திலேயே குறிக்க வேண்டும் என்று அறிவிக்கை சொல்கிறது. விடிவதற்கு முன்னால் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த மணலில் நடந்தால்தான் அவர்களுக்கு அன்றைய பிழைப்பு. அதன் குறுக்கே நீங்கள் வேலி போட்டால் சட்டத்திலும் நிற்காது, அக்கம்பக்கத்திலும் நிம்மதியாக இருக்க முடியாது.

இனி பணம். 22 மனை என்று எழுதியிருக்கிறீர்கள், அது உங்களுக்குப் பெரிய பலம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட மனைத்திட்டத்தை விற்பதற்கு முன்பே ரெராவில், அதாவது தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்திருக்க வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் இந்தத் திட்டம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதத்துக்கு உரிய மீறல் அது. ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. 48 லட்சத்துக்கு 10 சதவீதம் 4.80 லட்சம். அவர் 9 லட்சம் வாங்கியிருக்கிறார். 12-ஆம் பிரிவு, பொய்யான விளம்பரத்தையோ விவரக் குறிப்பையோ நம்பி முன்பணம் கொடுத்தவர் விலக நினைத்தால் வட்டியோடு முழுப்பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அவர் கொடுத்த நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம், "200 மீட்டர் தாண்டியது" என்ற செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

"நீங்களே விசாரித்திருக்கலாமே" என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஒப்பந்தச் சட்டத்தில் அந்த வாதத்துக்கு ஓரளவு இடமும் உண்டு. ஆனால் இங்கே அவர் சும்மா இருக்கவில்லை. தானே அளந்து, ஒரு எண்ணைச் சொல்லி நம்பவைத்திருக்கிறார். அதனால்தான் டேப் பிடித்த நாள், உடன் இருந்தவர்கள், அவர் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஞாபகம் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

ரொக்கமாகக் கொடுத்த 2 லட்சம் கொஞ்சம் சிக்கல்தான். ரசீது இல்லாவிட்டால், அதைக் குறிப்பிட்டு இப்போதே ஒரு செய்தி அனுப்பி, அவர் பதிலில் ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள். மனை விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, அபராதம் வாங்கியவர்மேல் விழும். ஆகவே கேட்க நீங்கள் பயப்பட வேண்டாம்.

ஒப்பந்தம் பதிவாகவில்லையே என்ற கவலை வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சரிதான். ஆனால் நீங்கள் நிலத்தைக் கேட்கவில்லை, கொடுத்த பணத்தைக் கேட்கிறீர்கள். வங்கிக் கணக்கு வழியே போன 7 லட்சமே பேசும். அதோடு, சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, நியாயமில்லாமல் விலகாத வரைக்கும், கொடுத்த முன்பணத்தை அந்த நிலத்திலிருந்தே வசூலித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒரு வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால் ரெராவில் புகார். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் மூன்று ஆண்டுக் கெடு இருக்கிறது என்றாலும், அதை நம்பி உட்கார வேண்டாம். அந்த 22 மனையில் வேறு யாரெல்லாம் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று விசாரித்துச் சேர்ந்துகொள்ளுங்கள்.

கடலோரத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையை இதற்காக விட வேண்டியதில்லை. அதே ஊரில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியுங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை, வீட்டு வாடகைக்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையை அங்கே இருந்தே பாருங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான். கோடையில் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தால் உப்பு தெரிந்துவிடும். அப்புறமும் வாங்கத் தோன்றினால், அண்ணா பல்கலைக்கழக வரைபடம், டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. ஒப்புதல், ரெரா எண், 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழ், மூலப்பத்திரம் இவை ஐந்தும் கையில் வந்த பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள். மாமல்லபுரத்துக்குள்ளேயே பார்ப்பதானால் தொல்லியல் துறையையும் கேட்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் முன் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்.