கேள்வி – பதில்: கர்க்ஸ்வில்லில் தொடங்கிய டாக்டர் படிப்பு

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதி டாக்டர் பட்டம்) படிக்கச் சேர்ந்திருக்கிறான். "அது எலும்பைப் பிடித்து விடுகிற படிப்புதானே, எம்.டி. கிடைக்கவில்லையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவன் டாக்டர்தானா?

பதில்: முழு டாக்டர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அதற்கு உரிமை உண்டு. எம்.டி. (அமெரிக்காவில் டாக்டராவதற்கான வழக்கமான பட்டம்) மாணவர்கள் படிப்பதையெல்லாம் படித்துவிட்டு, கூடவே கையால் தொட்டு நோயறியவும் தசை, மூட்டுகளைச் சீராக்கவும் சுமார் 200 மணி நேரப் பயிற்சியும் எடுப்பான். தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் சொந்தக்காரர்களின் சந்தேகமும் சும்மா வந்ததில்லை, அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

இந்த வைத்திய முறையைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828-இல் பிறந்தவர், அப்பாவிடமிருந்தே வைத்தியம் கற்றவர். சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் தாங்க முடியாத தலைவலி. இரண்டு மரங்களுக்கு நடுவே ஏர்க்கயிற்றைத் தரையை ஒட்டித் தாழ்வாகக் கட்டி, மேலே போர்வையைப் போட்டு, கழுத்தை அதில் வைத்துப் படுத்திருக்கிறார். தூங்கி எழுந்தபோது வலி இல்லை. இதை அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1864-இல் மூளைக்காய்ச்சல் அவர் வீட்டில் மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோனது. வைத்தியராக இருந்தும் ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை. பாதரசம் கலந்த கலோமலும் அபினும்தான் அப்போது பெரிய மருந்துகள், அவற்றால் செத்தவர்களும் நிறைய. மருந்தையே ஒதுக்கிவிட்டு எலும்பு, தசை, ரத்த ஓட்டத்தைக் கையால் சீராக்கும் வைத்தியத்துக்கு (இதுதான் ஆஸ்டியோபதி) அவர் போனது பிடிவாதத்தால் இல்லை, அந்த இழப்பால்தான் என்று நினைக்கிறேன்.

1892-இல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில், இரண்டே அறை உள்ள மரக்கட்டடத்தில் 'அமெரிக்கன் ஸ்கூல் ஆஃப் ஆஸ்டியோபதி'யைத் தொடங்கினார். முதல் வகுப்பில் சுமார் இருபது பேர். அவருடைய பிள்ளைகளும் அதில் உண்டு, அப்புறம் பெண்களும் உண்டு, பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவையே திறக்காத காலம் அது! உடற்கூறியல் நடத்தியவர் எடின்பரோவில் படித்த வில்லியம் ஸ்மித். 'நான் உடற்கூறியல் சொல்லித் தருகிறேன், நீங்கள் உங்கள் வைத்தியத்தைச் சொல்லிக் கொடுங்கள்' என்பதுதான் ஒப்பந்தம். சில வருடங்களிலேயே ரயில் ரயிலாக நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். அந்த மரக்கட்டடம் இன்றும் கர்க்ஸ்வில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: மருந்தே வேண்டாம் என்ற பள்ளி எப்படி இவ்வளவு வளர்ந்தது?

பதில்: மாறியதால்தான். 1910-இல் ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை அலசியபோது ஆஸ்டியோபதி பள்ளிகளையும் கடுமையாக விமர்சித்தது. ஆய்வகம் போதாது, ஆஸ்பத்திரி போதாது என்றெல்லாம் சொன்னது. 1917-இல் ஸ்டில் மறைந்தார். அப்புறம் மருந்தியலும் மெல்ல மெல்லப் பாடத்துக்குள் வந்தது. நிறுவியவர் சொன்னதைத் தாண்டிப் போக சீடர்களுக்கு நெஞ்சுரம் வேண்டும், இவர்களுக்கு இருந்தது.

பெரிய அடி விழுந்தது 1962-இல், கலிஃபோர்னியாவில். அங்கிருந்த ஆஸ்டியோபதி கல்லூரி எம்.டி. கல்லூரியாக மாறியது. 65 டாலர் கட்டினால் டி.ஓ. பட்டத்தை எம்.டி.யாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், இரண்டாயிரம் பேருக்கு மேல் மாற்றிக்கொண்டார்கள். நாடு முழுக்க மிஞ்சியது ஐந்தே கல்லூரிகள், அதில் கர்க்ஸ்வில்லும் ஒன்று. கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1966-இல் ராணுவம் டி.ஓ.க்களை டாக்டர்களாக ஏற்றது, 1969-இல் மிச்சிகனில் புதுக் கல்லூரி வந்தது, 1973-இல் கடைசி மாநிலமான மிசிசிப்பியும் முழு உரிமை கொடுத்தது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், அமெரிக்க மருத்துவ மாணவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் இதில்தான். டாக்டர் கிடைக்காத சின்ன ஊர்களுக்கு இந்தக் கல்லூரிகள் குடும்ப டாக்டர்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன, எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான். கர்க்ஸ்வில் பள்ளி இப்போது ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகம். அரிசோனாவிலும் 2007-இல் ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கியது.

கேள்வி: இங்கிலாந்திலும் ஆஸ்டியோபத் இருக்கிறார்களே, இதே டாக்டர்கள்தானா?

பதில்: இல்லை, இதில் குழம்ப வேண்டாம். கர்க்ஸ்வில்லில் படித்த லிட்டில்ஜான் 1917-இல் லண்டனில் பள்ளி தொடங்கினார், ஆக வேர் ஒன்றுதான். ஆனால் அங்கே அது கையால் செய்யும் சிகிச்சையாகவே நின்றுவிட்டது. 1993 சட்டப்படி பதிவு செய்துகொண்டு தொழில் செய்கிறார்கள், டாக்டர்களைப் போல மருந்து எழுத முடியாது.