லினக்ஸ் கேள்வி – பதில்: நிறுவும் முன்பும் அலங்கரிக்கும் முன்பும்

கேள்வி: என் மடிக்கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் லினக்ஸுக்கு மாற எண்ணி, பழகிய நண்பர்களிடம் கேட்டேன். ஆளுக்கொரு பெயரைச் சொல்கிறார்கள். நான்கு ஜிபி நினைவகம் கொண்ட கணினிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: அவர்கள் சொன்ன பெயர்கள் எல்லாமே சரியாக இருக்கக்கூடும். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், ஆர்ச் ஆகிய வழங்கல்கள் (லினக்ஸின் வெவ்வேறு தொகுப்புகள்) அனைத்துக்கும் அடியில் ஓடுவது 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த கெர்னல் என்னும் மையக்கருதான். அதன்மேல் ஓடும் செயலிகளும் பெரும்பாலும் பொதுவானவை. மென்பொருளை எந்தத் தொகுப்பு முறையில் தருகிறார்கள், எவ்வளவு அடிக்கடி புதுப்பிக்கிறார்கள், நிறுவி முடித்ததும் எந்த டெஸ்க்டாப்பைக் கண்முன் வைக்கிறார்கள் என்பவற்றில்தான் ஒரு வழங்கல் இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது. ஆர்ச்சுக்குப் பதிப்பு எண் என்பதே கிடையாது. புதியவை வந்துகொண்டே இருக்கும், அவற்றை ஏற்கும் முன் அறிவிப்புகளைப் படிக்கும் பொறுமை பயனருக்கு வேண்டும். மாறாக, உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது, அதன் 24.04 பதிப்பின் மீது கட்டப்பட்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ (எளிய, இலகுவான டெஸ்க்டாப்) பதிப்பு. மின்ட் கேட்கும் குறைந்தபட்ச நினைவகம் இரண்டு ஜிபி, பரிந்துரைப்பது நான்கு ஜிபி என்பதால் உங்கள் கணினி அதற்குப் போதும். ஆனால் பத்துப் பதினைந்து தாவல்களைத் திறந்து வைக்கும் பிரவுசரின் பசியை எந்த வழங்கலாலும் தீர்க்க முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சுழலும் வன்தட்டு இருந்தால் அதை எஸ்எஸ்டியாக மாற்றுவது, வழங்கலை மாற்றுவதைவிடக் கூடுதல் பயன் தரும். மேலும், சிக்கல் வரும்போது உடனே அழைக்கக்கூடிய நண்பர் டெபியனையே பயன்படுத்துகிறார் என்றால், என் பரிந்துரையை ஒதுக்கிவிட்டு டெபியனையே நிறுவுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்த வழங்கலே தொடக்கக்காரருக்கு நல்ல வழங்கல்.

கேள்வி: விண்டோஸை நீக்காமல் பக்கத்திலேயே லினக்ஸை நிறுவ விரும்புகிறேன். கோப்புகள் போய்விடுமோ என்று அச்சமாக இருக்கிறது. ஒருமுறை முயன்றபோது நிறுவியின் திரையில் என் வட்டே தெரியவில்லை.
– கணக்கியல் துறை வாசகர்

பதில்: அச்சம் நல்லதுதான், அதை முதலில் ஒரு வெளி வட்டின் மீது செலவழித்து, தேவையான கோப்புகளையெல்லாம் படியெடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள். அடுத்து, விண்டோஸில் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். பல புதிய கணினிகளில் பயனர் கேட்காமலேயே அது இயக்கப்பட்டிருக்கும். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) போன்ற அமைப்பை மாற்றிய அடுத்த நிமிடம் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவியைத் தாளில் எழுதி வைக்காமல் மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள்.

விண்டோஸின் வேகத் தொடக்க வசதியையும் அணைத்துவிட வேண்டும். அது இயங்கும்போது, நீங்கள் கணினியை மூடியதாக நினைத்தாலும் விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் உள்ள பகிர்வை (வட்டில் தனியே பிரித்த பகுதியை) லினக்ஸ் படிக்க மட்டுமே அனுமதிக்கும், எழுத விடாது. லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே சுருக்கி ஒதுக்குங்கள். தன் பகிர்வை எதுவரை சுருக்கலாம் என்பது விண்டோஸுக்கே நன்றாகத் தெரியும். அப்படிக் கிடைத்த இடத்தை வெற்றிடமாகவே விட்டுவிடுங்கள், அங்கே புதிய பகிர்வு எதையும் உருவாக்க வேண்டாம்.

வட்டு தெரியாமல் போனதற்கு, இன்டெல் கணினிகளில் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சேமிப்பகக் கட்டுப்பாடு ஆர்எஸ்டி என்ற முறையில் அமைக்கப்பட்டிருக்கும். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் வட்டு தெரியும். ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் தொடங்காது. முதலில் விண்டோஸை அடுத்த முறை பாதுகாப்புப் பயன்முறையில் தொடங்குமாறு அமைத்து, பயாஸில் மாற்றி, அந்தப் பயன்முறையில் ஒருமுறை தொடங்கவிட்டு, பிறகு வழக்கமான தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும்.

இனி நிறுவி. இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பின் (வழங்கல் முழுவதையும் கொண்ட ஒற்றைக் கோப்பின்) ஷா-256 சரிபார்ப்பு எண்ணை வழங்கலின் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கியவுடன் நிறுவு பொத்தானுக்குப் போகாமல், வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, திரையின் ஒளி கூடிக் குறைகிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா என்று அரைமணி நேரம் சோதியுங்கள். பகிர்வுத் திரையில் 'விண்டோஸுக்கு அருகில் நிறுவு' என்ற தெரிவு வந்தால் அதையே ஏற்கலாம். கையால் பிரிப்பதாக இருந்தால், ஏற்கெனவே உள்ள சிறிய இஎஃப்ஐ பகிர்வைப் பயன்படுத்துமாறு குறியுங்கள். அதற்கு நேரே 'ஃபார்மட்' கட்டத்தில் டிக் இருக்கவே கூடாது. விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் குடியிருப்பது அந்தச் சிறிய பகிர்வில்தான். வட்டில் இடம் தாராளமாக இருந்தால் ஹோம் கோப்புறைக்குத் தனிப் பகிர்வு ஒதுக்குங்கள். நாளை வழங்கலை மாற்றினாலும் உங்கள் கோப்புகள் அங்கேயே இருக்கும்.

நிறுவி முடித்ததும் பென் டிரைவை அழித்துவிடாதீர்கள். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடைப்பட்டியலில் சேர்த்ததால், செக்யூர் பூட் இயங்கிய பல இரட்டைத் தொடக்கக் கணினிகளில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. அத்தகைய நாளில் உள்ளே நுழைய அந்தப் பென் டிரைவ் கைகொடுக்கும்.

கேள்வி: இரண்டையும் நிறுவிய பிறகு, லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போதெல்லாம் கடிகாரம் தவறுகிறது. மதர்போர்டு பேட்டரியை மாற்றியும் பயனில்லை.

பதில்: பேட்டரி குற்றமற்றது. மதர்போர்டின் கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரம் என்று கொள்கிறது. எனவேதான் பிழை எப்போதும் உங்கள் நேர மண்டலத்தின் வித்தியாசம் அளவுக்கே இருக்கிறது. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து அதையும் பொது நேரத்துக்குப் பழக்குவதே முறையான தீர்வு. ரெஜிஸ்ட்ரியைத் தொடத் தயங்குவோர், லினக்ஸின் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம்; ஆனால் அப்படிச் செய்தால் அந்தக் கட்டளையே எச்சரிக்கை ஒன்றைக் காட்டும்.

கேள்வி: லினக்ஸில் தமிழ் 99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய முடியுமா? பழைய கோப்புகள் சிலவற்றைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன.

பதில்: முடியும். க்னோம், சின்னமன் போன்ற டெஸ்க்டாப் சூழல்களில் ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியோடு அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால், தமிழ் உள்ளீடுகளின் பட்டியலில் தமிழ் 99, ஒலிபெயர்ப்பு முதலியவை வந்து நிற்கும். கே.டி.ஈ. பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்னும் உள்ளீட்டுக் கருவி நன்றாகப் பொருந்துகிறது. வேலேண்ட் (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறை) அமர்வில் இருப்பவர்கள், கணினி அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று அங்கே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஒரு படியை விட்டுவிட்டு, எல்லாம் நிறுவியும் தமிழ் வரவில்லை என்று எழுதுவோர் ஏராளம்.

எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும். லிப்ரே ஆஃபிஸ், ஃபயர்பாக்ஸ் ஆகியவற்றில் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமர்கின்றன. டெர்மினலில் மட்டும் தமிழ் இன்றும் நெருக்கியடித்தே தெரியும், ஏனெனில் எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடைப்பது அதன் இயல்பு. உங்கள் பழைய கோப்புகளின் கதை வேறு. அவை யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக் குறியாக்கத்தில் எழுதப்பட்டவையாக இருக்கும். அதே எழுத்துருவை நிறுவிப் படிக்கலாம், எனினும் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வதே தேடவும் திருத்தவும் உதவும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் லினக்ஸ் ஆர்வலர்களாகச் சிலர் சேர்ந்து, தங்கள் டெஸ்க்டாப்பின் தோற்றத்தைப் படம் பிடித்துப் பகிர்ந்துகொள்கிறோம். நண்பர் ஒருவரின் திரையைப் போல அமைக்க முயன்று, தீம்கள், நீட்சிகள், கட்டளைகள் எனப் பலவற்றைச் சேர்த்தேன். இப்போது பேனலே (திரை ஓரத்துப் பட்டையே) காணவில்லை. டைம்ஷிஃப்ட் என்னும் மீட்புக் கருவி மூலம் பின்னோக்கிப் போயும் அது திரும்பவில்லை. மீண்டும் நிறுவத்தான் வேண்டுமா?
– பொறியியல் மாணவி

பதில்: வேண்டாம். டைம்ஷிஃப்ட் உங்களைக் கைவிடவில்லை, அதனிடம் கேட்காததைத்தான் அது செய்யவில்லை. இயல்பு நிலையில் அது கணினியின் அமைப்புக் கோப்புகளை மட்டுமே சேமிக்கிறது, ஹோம் கோப்புறையை விட்டுவிடுகிறது. நீங்கள் செய்த அலங்காரமோ ஏறத்தாழ முழுவதும் ஹோமில் உள்ள, புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளில், குறிப்பாகக் 'கான்ஃபிக்' என்னும் மறைகோப்புறையில் இருக்கிறது.

முதலில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே பேனல் ஒழுங்காக இருந்தால் கணினி நலமாக இருக்கிறது, பழுது உங்கள் கணக்கின் அமைப்புகளில் மட்டுமே உள்ளது என்பது உறுதியாகிவிடும். வரைகலைத் திரையே வராவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரையில் நுழையலாம். அங்கிருந்து கான்ஃபிக் கோப்புறையை அழிக்காமல் வேறு பெயரிட்டு, மீண்டும் வரைகலையில் நுழைந்தால் எல்லாம் முதல் நாள் நிலைக்கு வரும். பிறகு பழைய கோப்புறையிலிருந்து ஒவ்வொரு செயலியின் அமைப்பாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள்; பேனல் மறையும் இடத்தில் குற்றவாளி அகப்படும். கே.டி.ஈ. தன் அமைப்புகளைத் தனித்தனி எழுத்துக்கோப்புகளாக வைப்பதால் இந்த வேலை எளிது. க்னோமும் சின்னமனும் பெரும்பகுதியை டிகான்ஃப் என்னும் ஒரே தரவுக்கோப்பில் வைக்கின்றன. அதனை அதற்குரிய கட்டளையால் எழுத்துக்கோப்பாக ஏற்றுமதி செய்துதான் படிக்க முடியும்.

இனி அலங்காரத்தைப் பற்றி. வண்ணம், ஐகான், எழுத்துரு, சுவர்ப்படம் ஆகியவற்றால் எவருக்கும் கேடில்லை, மனம்போல மாற்றுங்கள். க்னோம் நீட்சிகள் அப்படியல்ல. க்னோம் ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது. 2023 செப்டம்பரில் வந்த 45-ஆம் பதிப்பில் நீட்சிகள் எழுதப்படும் முறையே மாறியதால், முந்தைய நீட்சிகள் அனைத்தையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. பத்து நீட்சிகளின் மேல் நிற்கும் அழகு, பத்துத் தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தை நம்பி நிற்கிறது. மேலும், தீம் என்பது வெறும் படத்தொகுப்பு என்று எண்ண வேண்டாம். கே.டி.ஈ.யின் ஒட்டுமொத்தத் தீம்கள் உங்கள் கணக்கின் உரிமையோடு கட்டளைகளை இயக்க வல்லவை. 2024 மார்ச்சில் அத்தகைய தீம் ஒன்றை நிறுவிய பயனரின் கோப்புகள் அழிந்துபோக, கே.டி.ஈ. குழுவினரே எச்சரிக்கை வெளியிட்டார்கள். நண்பர் அனுப்பிய கட்டளையில் 'சூடோ' (நிர்வாகி உரிமையோடு இயக்கு) என்ற சொல் இருந்தால், ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று அவரையே விளக்கச் சொல்லுங்கள். அவரால் இயலாவிட்டால் அது அவருடைய கட்டளையும் அல்ல.

உங்கள் குழு படங்களோடு கோப்புகளையும் பகிரட்டும். அவரவர் அமைப்புக் கோப்புகளை, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்தில் வைத்து, ஒரு மாற்றத்துக்கு ஒரு குறிப்பு என்று எழுதி வந்தால், நேற்று என்ன மாற்றினோம் என்பதை ஒரே கட்டளையில் பார்க்கலாம். கடவுச்சொற்களும் எஸ்எஸ்எச் சாவிகளும் அதற்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லினக்ஸ் குழுக்களில் உதவி கேட்டால் 'லாக் அனுப்புங்கள்' என்கிறார்கள். எதை அனுப்புவது? எங்கள் நண்பர் குழுவில் ஒரு நாள் நிறுவல் முகாம் நடத்தவும் எண்ணுகிறோம்.

பதில்: லாக் என்பது கணினி தானே எழுதிவைக்கும் பதிவேடு. ஐஎன்எக்ஸ்ஐ என்ற கருவி, வன்பொருள், டிரைவர், டெஸ்க்டாப் விவரங்களை ஒரே பக்கத்தில் தரும், அதன் மறைப்புத் தெரிவைச் சேர்த்தால் தனிப்பட்ட முகவரி எண்கள் நீங்கிவிடும். ஜர்னல்சிடிஎல் கட்டளையால் கணினியை இம்முறை தொடங்கியதிலிருந்து பதிவான பிழைகளை மட்டும் எடுக்கலாம். இவ்விரண்டையும் எழுத்தாகவே அனுப்புங்கள். கைபேசியில் சாய்வாகப் பிடித்த திரையின் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் படிக்க எவருக்கும் பொறுமை இராது. சிக்கல் தொடங்குவதற்குச் சற்று முன் எதை மாற்றினீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பலர் அதைக் கடைசியில், யாரோ கேட்ட பிறகே சொல்கிறார்கள்.

முகாமுக்கு வென்டாய் நிறுவிய பென் டிரைவ்கள் சிலவற்றைத் தயார் செய்யுங்கள். ஐஎஸ்ஓ கோப்புகளை அதில் படியெடுத்துப் போட்டால் போதும், ஒரே டிரைவிலிருந்து பல வழங்கல்களைத் தொடங்கலாம். வைஃபை டிரைவர் கிடைக்காத கணினிகளுக்குக் கைபேசியை யூஎஸ்பி வழியாக இணைத்து இணையம் கொடுக்கலாம், அதற்கான கேபிள் கையில் இருக்கட்டும். படிநகல் எடுக்காமல் வந்தவரின் கணினியை அன்று சோதித்துக் காட்டுங்கள், நிறுவாதீர்கள். நிறுவும்போது மவுஸ் கணினிக்கு உரியவர் கையிலேயே இருக்க வேண்டும்; தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்லலாம். பகிர்வுத் திரையில் எந்த வட்டு, எந்தப் பகிர்வு, எத்தனை ஜிபி என்று உரியவர் வாய்விட்டுப் படித்து முடித்த பிறகே அடுத்த பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள்.