விட்ட படிப்பைத் தொடரக் காசு எங்கே கிடைக்கும்? எல்லையோரக் கேள்விகளும் பதில்களும்

(தமிழ்நாட்டை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பல வருடமாகப் பலருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். கேட்டவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.)

வேலந்தாவளம், 39 வயது: அக்கா, எட்டாவதோட நின்னுட்டேன். இப்பப் பத்தாவது எழுதலாமா? ஃபீஸுக்கு உதவி உண்டா?

தாராளமா எழுதலாம் தங்கச்சி. கேரள அரசின் எழுத்தறிவு இயக்கமான சாக்ஷரதா மிஷன் நடத்தும் பத்தாம் தரத் துல்யதாவுக்கு (பத்தாவதுக்குச் சமமான தேர்வு) 17 வயது நிறைந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. தமிழிலேயே எழுதலாம். எஸ்.சி., எஸ்.டி.க்குப் படிப்புக் கட்டணமே இல்லை. முதலில் பழைய பள்ளியில் டி.சி. வாங்கி வையுங்கள், அதற்குத்தான் அதிகம் அலைய வேண்டியிருக்கும். பிளஸ் டூ துல்யதாவுக்கு 22 வயது ஆகியிருக்க வேண்டும், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கஞ்சிக்கோடு, 27 வயது, எஸ்.சி.: வேலை பார்த்துக்கிட்டே டிகிரி படிக்கணும். ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

தம்பி, பலரும் ஏமாறுவது இங்கேதான். மத்திய அரசு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து டிகிரிக்கு வருடம் 12,000 ரூபாய் தருகிறதே, அது ரெகுலர் கல்லூரிக்காரர்களுக்கு மட்டும். தபால் வழிக்கு இல்லை. அதனால் பணம் கைக்கு வரும் என்று காத்திருக்காமல், கட்டவே வேண்டாத இடத்தைத் தேடுங்கள். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) சில படிப்புகளுக்கு எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு படிப்புக்குத்தான் கேட்க வேண்டும். இரண்டுக்குப் போட்டால் இரண்டும் போகும்.

மீனாட்சிபுரம், 20 வயது: பிளஸ் டூ வரை கேரளாவில், இப்பப் பொள்ளாச்சியில் காலேஜ். புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய் வருமா?

வராதும்மா. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். எஸ்.சி. என்றால் போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை) கேளுங்கள். குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கல்லூரி எங்கே இருந்தாலும் அதைத் தருவது உங்கள் சொந்த மாநிலம்தான், ஆகவே கேரளத்தில் கேளுங்கள்.

வண்டிப்பெரியார், 33 வயது, எஸ்.சி.: தாத்தா தேனியிலிருந்து எஸ்டேட்டுக்கு வந்தவர். வில்லேஜ் ஆபீஸில் சாதிச் சான்று இல்லைங்கறாங்க.

இந்தக் கேள்வி வந்தாலே மனசு கனத்துப் போகிறது. மூன்று தலைமுறை கொழுந்து கிள்ளியும் காகிதம் இல்லை என்கிறார்கள். எஸ்.சி. பட்டியல் வந்த 1950-இல் குடும்பம் கேரளத்தில் இருந்ததா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. எஸ்டேட்டின் பழைய ஆள் பதிவேடு, தாத்தா காலத்துப் பள்ளிச் சேர்க்கை, எது கிடைத்தாலும் நகல் எடுங்கள். 1950-க்குப் பிறகு வந்தவர் என்றால், அப்பாவுக்குத் தமிழ்நாட்டில் கொடுத்த சான்றைத் தேடுங்கள். அதைக் காட்டி, இடம்பெயர்ந்தவர் என்ற குறிப்போடு இங்கேயே சான்று கேட்கலாம். கேரள அரசின் சலுகைக்கு அது செல்லாது. வாங்கியதும் மத்தியப் பல்கலைக்கழகமான இக்னோவில் விசாரியுங்கள்.

பாலக்காட்டுச் சித்தூர், 41 வயது: வருமானச் சான்றில் மாமனார் நிலத்தையும் சேர்க்கணுமா?

வேண்டாம். போஸ்ட் மெட்ரிக்கில், வேலைக்குப் போகாத கல்யாணமான பெண்ணுக்குக் கணவர் வருமானம் மட்டும்தான் கணக்கு.

கோவிந்தாபுரம், 24 வயது: பணம் அனுப்பியாச்சுன்னு காட்டுது, கணக்கில் இல்லையே?

வங்கியில் ஆதார் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வர ஆதாரை அந்தக் கணக்கோடு சேர்ப்பது வேறு. கடைசியாக எந்தக் கணக்கில் சேர்த்தீர்களோ அங்கேதான் போய் விழும். என் தம்பி மகனுக்கு ஒரு வருடப் பணம், நாங்கள் மறந்தே போன பழைய கணக்கில் கிடந்தது. நாளைக்கே பழைய பாஸ்புக்கையெல்லாம் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போங்கள்.