குருமனைச் சமையலறையில் ஒரு கூட்டம்

கேள்வி (வாசகி, கரூர்): இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகள் எங்களை எப்வொர்த்துக்குக் கூட்டிப்போனாள். மெதடிஸ்ட் சபையை நிறுவிய ஜான் வெஸ்லி பிறந்த ஊர். அங்கிருக்கும் மெதடிஸ்ட் தேவாலயம் 1889இல் கட்டியதாம். வெஸ்லி இறந்தது 1791இல். சொந்த ஊரில் இவ்வளவு தாமதமா?

பதில்: நீங்கள் பார்த்தது வெஸ்லியின் நினைவாலயம். அதற்கு முன்பே அங்கே மெதடிஸ்ட்கள் கூடிவந்தார்கள். லிங்கன்ஷயரில் உள்ள சின்ன சந்தை ஊர் அது. வெஸ்லியின் அப்பா சாமுவேல் அங்குள்ள புனித அந்திரேயா ஆலயத்தில் சுமார் நாற்பது ஆண்டு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) போதகராக இருந்து, 1735இல் காலமானார். மகனும் சாகும்வரை ஆங்கிலிக்கன் குருதான். தனிச் சபை தொடங்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை.

1742 ஜூனில் ஊருக்கு வந்தவர், யார் சேர்த்துக்கொள்வார்களோ என்று சத்திரத்தில் தங்கினார். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கமோ ஜெபமோ செய்து உதவலாமா என்று கேட்டனுப்பினார். உதவிக் குரு ரோம்லி முடியாது என்றுவிட்டார். (அந்த ரோம்லியின் குடும்பமே வெஸ்லியின் அப்பா தயவில் தலையெடுத்தது. உலகம் எங்கும் ஒன்றுதான்!) ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது வெஸ்லியின் தோழர் ஒருவர் கல்லறைத் தோட்டத்தில் நின்று, "மாலை ஆறு மணிக்கு இங்கேயே பிரசங்கம்" என்று அறிவித்தார். ஆறு மணிக்கு வெஸ்லி வந்து தன் அப்பாவின் கல்லறைக் கல்மேல் ஏறி நின்று பேசினார். ஆலயம் போதகர் கையில் இருக்கலாம், அப்பாவின் கல்லறையிலிருந்து மகனை இறக்க யாரால் முடியும்? அந்த வாரம் பல மாலைகள் இதே மேடைதான். அடுத்த ஜனவரியில் மறுபடி வந்தபோது, 'அவர் தகுதியானவர் அல்லர்' என்று சொல்லி ரோம்லி திருவிருந்தும் தர மறுத்தார்.

என்னைக் கேட்டால் எப்வொர்த் மெதடிஸ்ட் சபையின் வரலாறு தொடங்குவது 1889இலும் இல்லை, 1742இலும் இல்லை. அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி (வாசகர், பொறையாறு): எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடிக்கும் மெதடிஸ்ட் சபைக்கும் தொடர்பு உண்டு என்று ஒருவர் சொன்னார். தரங்கம்பாடி லுத்தரன் அல்லவா?

பதில்: லுத்தரன்தான். ஆனாலும் அவர் சொன்னது சரி. ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் புத்தகமாகி, ஒரு பிரதி எப்வொர்த் குருமனைக்கும், அதாவது வெஸ்லி குடும்பம் இருந்த போதகர் வீட்டுக்கும், போய்ச் சேர்ந்தது.

1711–12 குளிர்காலம். சாமுவேல் லண்டனில் சபை மன்றக் கூட்டத்துக்குப் போயிருந்தார். பொறுப்பில் இருந்த உதவிக் குருவின் பிரசங்கம் யாருக்கும் பிடிக்கவில்லை. மூத்த மகள் எமிலி அப்பாவின் படிப்பறையில் அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்து அம்மா சூசன்னாவுக்கு வாசித்துக் காட்டினாள். இதைப் போல் எதுவும் தன் மனதைத் தொட்டதில்லை என்று சூசன்னா கணவருக்கே எழுதியிருக்கிறார். நான் ஆணும் இல்லை, குருவும் இல்லை, ஆனாலும் இப்போது செய்வதைவிட ஏதாவது கூடுதலாகச் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது.

முதலில் பிள்ளைகள். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச்சு. வியாழக்கிழமை 'ஜாக்கி'யின் முறை. எட்டு வயது ஜான் வெஸ்லிதான் அந்த ஜாக்கி. பெரியவனாகி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோதும் அந்த வியாழன் மாலையை அம்மாவிடம் கேட்டு எழுதியிருக்கிறார்.

அப்புறம் ஞாயிறு மாலைக் குடும்ப ஜெபம். வேலைக்காரப் பையன் வீட்டில் போய்ச் சொல்ல, அவன் பெற்றோர் வந்தார்கள். பிறகு அக்கம்பக்கம். முப்பது நாற்பது பேராக இருந்தது இருநூறைத் தாண்டி, இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள். சமையலறையில் நின்று சூசன்னா பிரசங்கப் புத்தகத்திலிருந்து வாசிப்பார், அவ்வளவுதான். ஆலயத்தில் கூட்டம் குறைய, உதவிக் குரு லண்டனுக்குப் புகார் எழுதினார். கணவர் நிறுத்தச் சொன்னார். சூசன்னாவின் பதில் ஏறக்குறைய இது: 'விரும்புகிறேன் என்று எழுதாதீர்கள். நிறுத்து என்று கட்டளையிடுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் நன்மை செய்யத் தவறிய குற்றம் என்மேல் வராதபடிக்கு எழுதுங்கள்.' அதற்கு மேல் சாமுவேல் வற்புறுத்தவில்லை. குரு அல்லாதவர் நடத்தும் வீட்டுக் கூட்டம், பிற்காலத்தில் மெதடிஸ்ட் சபையின் முதுகெலும்பானது. நிறுவியவர் என்று மகன் பெயரைப் போடுகிறோம். எனக்கென்னவோ அது முழு நியாயமாகப் படவில்லை.

கேள்வி (வாசகர், மன்னார்குடி): எங்கள் ஊரில் வெஸ்லியன் மிஷன் என்று இருந்தது இன்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). ஆனால் சென்னை வேப்பேரியில் மெதடிஸ்ட் சபை தனியாக இருக்கிறதே?

பதில்: உங்களுடையது பிரிட்டிஷ் வழி. வெஸ்லியின் சகா தாமஸ் கோக் இலங்கைக்கு மிஷனரிகளை அழைத்துக் கிளம்பி, 1814 மே 3 அன்று நடுக்கடலில் இறந்தார். மற்றவர்கள் வந்து சேர்ந்து, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று பிரிந்தார்கள். யாழ்ப்பாணம் போன ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் சென்னை வந்தார். அந்த வழிச் சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று சி.எஸ்.ஐ.யில் இணைந்தன. வேப்பேரி அமெரிக்க வழி. அவர்கள் அந்த இணைப்பில் சேரவில்லை.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): வெஸ்லி வீட்டில் பேய் இருந்தது என்பது உண்மையா?

பதில்: பேய்க்கு நான் பொறுப்பில்லை. ஆனால் 1716 டிசம்பரில் தொடங்கி இரண்டு மாதம் போல அந்த வீட்டில் தட்டும் சத்தம் கேட்டதாக வீட்டார் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. எமிலி அதற்கு 'ஜெஃப்ரி' என்று பெயரே வைத்துவிட்டாள். காவலுக்கு வளர்த்த பெரிய நாய் முனகிக்கொண்டு ஒளிந்ததாம். வேடிக்கை என்னவென்றால், ஜார்ஜ் மன்னருக்காக ஜெபிக்கும்போது தட்டல் பலமானது. மன்னர் விஷயத்தில் அந்த வீட்டில் பழைய தகராறு ஒன்று உண்டு. நாட்டைவிட்டு விரட்டப்பட்ட ஜேம்ஸ் மன்னரின் வம்சமே உண்மையான ராஜவம்சம் என்று நம்பிய சூசன்னா, வில்லியம் மன்னருக்கான ஜெபத்துக்கு 'ஆமென்' சொல்ல மறுத்ததால், 'இரண்டு ராஜா என்றால் இரண்டு கட்டில்' என்று சொல்லி சாமுவேல் சில மாதம் பிரிந்தே போயிருந்தார். சமாதானமான பிறகு, 1703இல் பிறந்தவர்தான் ஜான். பேய் யார் கட்சி என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.