காது ஓரச் சொறிக்கு மாட்டு ஊசி வேண்டாம்

அக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உங்கள் நாய்க்குக் காது ஓரமும் முழங்கையும் முடி கொட்டி, ராத்திரியெல்லாம் சொறிகிறது, உங்கள் கையிலும் தடிப்பு என்றால் பெரும்பாலும் சார்கோப்டிஸ் சொறிப்பூச்சிதான். காது மடல் நுனியை விரலிடுக்கில் தேயுங்கள். பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால் சந்தேகம் வலுக்கும். தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனையில் இந்தப் பூச்சி பல முறை சிக்காது, அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

மாட்டுக்கான 1% ஐவர்மெக்டின் ஊசி வேண்டவே வேண்டாம். அளவு பிசகினால் ஆபத்து, கோலி (Collie) இன நாயின் கலப்பென்றால் உயிருக்கே ஆபத்து. பழைய எஞ்சின் ஆயிலையும் பூசாதீர்கள், அது விஷம், நாய் நக்கிவிடும். கால்நடை மருத்துவரிடம் எடை பார்த்து அஃபாக்சோலேனர் அல்லது ஃப்ளூரலேனர் மாத்திரை வாங்கி, வீட்டு நாய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படுக்கைத் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பூச்சி செத்த பிறகும் அரிப்பு சில வாரம் இழுக்கும்.